சொச்சம்

ஏழாம் வரியில் அரைப்புள்ளி இல்லையென்று
இரவு பதினொரு மணிக்கு என்னைத் திட்டியது கணினி.
பகலெல்லாம் நின்றபடி திட்டு வாங்கிப் பழகியவள்தான்.
வைத்தேன்.

ரைபிள் ரேஞ்ச் பிளாட், பதினான்காம் மாடி.
பிராங்கின் மாலில் நானூறு வெள்ளிக்கு வாங்கிய
பழைய மடிக்கணினி.
ஈ என்ற பொத்தானை ஓங்கி அடித்தால்தான் எழுத்து விழும்.
கடையில் ஈ ஓட்டுகிறோம்,
வீட்டில் ஈ அடிக்கிறேன்.

நூலகத்து மாடியில் இலவச வகுப்பு, ஐந்து வாரம்.
மூன்றாம் வாரம் தீபாவளி விற்பனை வந்து
என்னைக் கடைக்குள் இழுத்துக்கொண்டது.
மாறி என்றால் என்ன என்பதுவரை தெரியும்.
வகுத்தலுக்குச் சாய்ந்த கோடு என்று தெரியும்.

லெபோ பாசாரில் துணிக்கு மூன்று பாஷை.
சூரத்திலிருந்து மீட்டரில் வரும்.
நம்மவர்கள் கஜத்தில் கேட்பார்கள்.
காக் ரொஹானா "நாலு ஏலா" என்பார்.
தமிழில் ஏலாதது
மலாயில் முழுசாய் ஒரு கஜம்.

தவ்கே ஜபருல்லாவின் பேரேட்டில்
ஒரு கட்டு ஐம்பது மீட்டர், அதாவது
ஐம்பத்துநான்கு கஜம்.
"புஷ்பவேணி, கம்ப்யூட்டர் படிக்கிறியாமே,
இதை ஒரு புரோகிராமாப் போட்டுத் தா,
தட்டித் தட்டி விரல் நோவுது."

ஐம்பது கொடுத்தேன்.
ஐம்பத்துநான்கு என்றது.
பேரேடும் கணினியும் கைகுலுக்கிக்கொண்டன.
எனக்குத்தான் உறுத்தியது,
வெட்டுபவள் நான் அல்லவா.
ஐம்பத்துநான்கு கஜமும் அளந்து கொடுத்த பிறகு
அட்டைக் குழாயில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும்.
இரண்டடி, மயிரிழை கூட.
கட்டுக்கு ஒன்று. தவறாமல்.

முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால்
மிச்சத்தைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடுமாம்.
தேடித் தேடி இதைக் கண்டுபிடிக்க ஒரு மணி ஆயிற்று.
ஒரு அரைப்புள்ளிக்கு அத்தனை கூச்சல் போட்டது
அரைக் கஜத்துக்கு மேல் விழுங்கிவிட்டு
வாயே திறக்கவில்லை.

பத்தாயிரத்துக்குப் பின்னால்
ஒரு புள்ளி, ஒரு பூஜ்யம்.
ஐம்பத்துநான்கு புள்ளி ஆறு எட்டு,
அதற்குப் பின்னும் எறும்பு வரிசையாய் எண்கள்.
எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போகும், மெய் நிற்கும்.
இங்கேயும் அப்படித்தான் ஆகும் போலிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன்.
ஜன்னல் திரை. கதவுத் திரை. தலையணை உறைகள்.
முப்பத்தொரு துண்டு.
மெரூன், பாசிப்பச்சை, ஹரிராயாவுக்கு மிஞ்சிய ஊதா,
யாரும் வாங்காத அந்த மஞ்சள்.
கணக்கில் இல்லாததை எப்படித் திருட முடியும்?
தவ்கேயே ஒருமுறை "வீசிடு" என்றிருக்கிறார்,
எதையோ காட்டி.
எதை என்று நான் கேட்கவில்லை.

புள்ளியை அழித்தேன்: திரை என்னுடையது.
வைத்தேன்: இரண்டடி அவருடையது.
அழித்தேன்.
மலைப்பக்கமிருந்து காற்று வந்து
எல்லா நிறமும் ஒருமுறை உப்பி அடங்கியது.

என் கையால் எழுதிய முதல் பொருள் இது.
சரியாகச் சொல்லத் தெரிந்துகொண்டுவிட்டது.
அதன் வாயைப் பொத்த மனம் வரவில்லை.

முப்பத்தொரு கட்டு என்று கொடுத்துப் பார்த்தேன்.
இருபத்தொரு கஜம், சொச்சம்.
கஜம் ஆறு வெள்ளி.
நூற்று இருபத்தாறு, அதற்கும் ஒரு சொச்சம்.

புள்ளியோடு சேமித்துவிட்டுப் படுத்தேன்.
சம்பளத்தில் பிடித்துக்கொள்ளட்டும்.
ஆனால் அந்த மஞ்சளுக்கு மட்டும்
முழு விலை தரமாட்டேன்.